காப்பும் ஈடும்

காப்பீடு என்ற சொல்லைப் பிரித்தால் காப்பு, ஈடு. காப்பு என்பது பிள்ளைத்தமிழின் முதல் பருவம். குழந்தைக்குத் தீங்கு வருமுன்பே தெய்வங்களைத் துணைக்கு அழைப்பது. ஈடு, போனதற்கு மாற்று. அடமானம் என்றும் பொருள் உண்டு. 2012 சனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை ஒரு பிரதியாக வாசித்தபோது எனக்கு ஈடு கண்ணில் பட்டது, காப்பு படவில்லை.

பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு முங்குகிறார்கள். பாறை கிழிக்கிறது, உப்பு கண்ணை எரிக்கிறது. கரையேறினால் குடிதண்ணீருக்குக் குடத்தோடு அலைச்சல். அவர்களில் ஒரு அக்கா சொன்னார்: "கார்டு இருக்கு தம்பி. படுத்தாத்தான் அது செல்லும். எந்திரிச்சு நடமாடுற வரைக்கும் சும்மாதான் கெடக்கும்." நோயுற்ற உடல் கட்டிலில் கிடத்தப்பட்ட பிறகே மருத்துவத்தின் பார்வைக்குள் வருகிறது என்று ஃபூக்கோவை வைத்து நாம் பக்கம் பக்கமாக எழுதியதை அவர் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

காப்பீடு என்றாலே தனியார் மருத்துவமனைக்குப் பணம் அள்ளிக்கொடுப்பதுதான் என்று தோழர்கள் ஒதுக்குகிறார்கள். பாதி உண்மை. ஆனால் இந்த அட்டையில் டயாலிசிஸ் செய்துகொண்டு உயிரோடிருப்பவரிடம் போய் இதைச் சொல்லிவிட முடியுமா? என் கேள்வி வேறு: டயாலிசிஸுக்குச் செல்லும் பணம் ஏன் தண்ணீருக்குச் செல்லாது? மதுரைக்கு எழுதிக் கொடுத்தால் பஸ்ஸுக்கும், துணைக்குப் போகிறவரின் இழந்த கூலிக்கும் ஏன் செல்லாது?

அப்படியொரு விரிசல் பிரதிக்குள் முன்பே விழுந்திருக்கிறது. 2008இல் மத்திய அரசு கொண்டுவந்த ராஷ்ட்ரிய ஸ்வஸ்த்ய பீமா யோஜனாவில் மருத்துவமனையில் சேரும் ஒவ்வொரு முறையும் வழிச்செலவுக்கு 100 ரூபாய், ஆண்டுக்கு 1,000 வரை. அற்பத் தொகைதான். ஆனாலும் நோயாளி ஏதோ ஓர் ஊரிலிருந்து கிளம்பி வருகிறார் என்று காப்பீட்டின் மொழி ஒருகணம் ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் வட கரோலினா 2022இல் இன்னும் தூரம் போனது. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டுப் பணத்தில் காய்கறிப் பெட்டி, வாகனம், வீட்டுப் பழுதுபார்ப்பு. மாநிலச் சட்டமன்றம் நிதி ஒதுக்காததால் 2025 சூலையில் நின்றுபோனது. ஆக, மேலேயிருந்து தந்தவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

இங்கே கீழே இருப்பது ஊராட்சி. 73ஆவது திருத்தத்தோடு வந்த பதினோராம் அட்டவணையின் 29 பொருள்களில் குடிநீரும் சுகாதாரமும் உண்டு. ஆனால் காப்பீட்டுப் பிரதிக்குள் ஊராட்சிக்கு ஒரு வினைச்சொல்கூட இல்லை. வருமானச் சான்று தருகிற வி.ஏ.ஓ. வருவாய்த் துறையின் ஆள். எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்பது சென்னையில் முடிவாகிறது. போதாததற்கு, 2025 சனவரி 5இல் ராமநாதபுரம் உள்ளிட்ட மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தேர்ந்தெடுத்த ஆளே இல்லாத இடத்தில் உள்ளாட்சியின் ஆதரவு என்று பேசுவது கூச்சமாகத்தான் இருக்கிறது.

இருந்தும் கிராம சபை இருக்கிறது. எந்த ஊரிலிருந்து எத்தனை பேர், என்ன நோய்க்குப் படுத்தார்கள் என்ற கணக்கு காப்பீட்டு நிறுவனத்திடம் இருக்கும். பணம் பெற அது வேண்டுமே. பெயர்களை நீக்கிவிட்டு அந்தக் கணக்கை மார்ச் 22, தண்ணீர் தினத்துக் கிராம சபையில் வாசிக்கச் சொல்லித் தீர்மானம் போடலாம். குடிநீரைப் பற்றிப் பேச வேண்டிய அன்றைக்கு, பாசிக்குப் போகாமல் கூலியை விட்டு வந்து உட்காரும் பெண்களின் முன்னால், அது சத்தமாக வாசிக்கப்பட வேண்டும்.