காரையும் கண்ணாடியும்

1906-இல் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் பல் மருத்துவர் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ், தம் உதவியாளரும் உறவுக்காரப் பெண்ணுமான ஐரின் நியூமனுக்குப் பல் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்தார். 1913-இல் வீட்டோடு இருந்த வண்டிக் கொட்டகையிலேயே பள்ளி தொடங்கினார். அங்கே படித்த பெண்கள் பலர் ஊரின் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பல்லில் படிந்த காரையை எடுத்ததோடு, பிள்ளைகளுக்குப் பல் தேய்க்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். டென்டல் ஹைஜீனிஸ்ட் என்ற தொழில் பிறந்த கதை இது.

நம் நாட்டில் 1948-இன் பல் மருத்துவர் சட்டமே இந்தப் பணிக்கு இலக்கணம் வகுத்துவிட்டது. ஆனால் தெருமுனை கிளினிக்கில் ஹைஜீனிஸ்டைப் பார்ப்பது அபூர்வம். காரை எடுக்கும் ஸ்கேலிங்கை மருத்துவரே முடித்துவிடுகிறார். மெஷின் கிர்ரென்கிறது, கொப்பளித்துத் துப்புகிறோம், "ஒழுங்கா பிரஷ் பண்ணுங்க" என்கிறார், எழுந்து வருகிறோம்.

அந்த மெஷினால் எவ்வளவு நன்மை? ஈறு நோய் முற்றாத, தவறாமல் பல் மருத்துவரிடம் போகிற பெரியவர்கள் குறித்த ஆய்வுகளை 2018-இல் காக்ரேன் என்ற அமைப்பு தொகுத்துப் பார்த்தது. ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை வழக்கமாகச் சுத்தம் செய்துகொண்டவர்களின் ஈறுகளுக்கும் செய்துகொள்ளாதவர்களின் ஈறுகளுக்கும், இரண்டு மூன்று ஆண்டுகளில், பெரிய வித்தியாசம் இல்லை. காரை குறைந்ததுதான் மிச்சம். சரி, அறிவுரையாவது கைகொடுக்குமா என்றால், ஆளுக்கேற்ற அறிவுரையைச் சோதித்த பிரிட்டன் ஆய்வொன்றிலும் ரத்தக்கசிவு குறைந்தபாடில்லை. ஹைஜீனிஸ்டைப் புகழ்ந்து எழுத உட்கார்ந்தவனுக்கு இது சங்கடம்தான்.

இருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஆய்வுகளில் இடம்பெற்றவர்கள் ஏற்கெனவே பல் மருத்துவரிடம் போய்க்கொண்டிருந்தவர்கள். நாற்காலியைக் கண்டாலே நடுங்குகிறவரும், வாய் நாற்றத்துக்கு வெட்கப்பட்டுக் கையால் மூடிப் பேசுகிறவரும் அந்தக் கணக்கில் அநேகமாக வருவதில்லை. படுக்கையோடு கிடக்கும் பாட்டியும் அப்படித்தான். சர்க்கரை நோய்க்காரர் பாடு வேறு: சர்க்கரை ஏறினால் ஈறு கெடுகிறது, ஈறு கெட்டால் சர்க்கரை அடங்க மறுக்கிறது.

ஹைஜீனிஸ்ட் தேவைப்படுவது இவர்களுக்குத்தான். ஈறில் ரத்தம் வருகிறதே என்று பயந்து அந்த இடத்தை விட்டுவிட்டுத் தேய்ப்பவர்கள் பலர். அழுக்கு சேர்ந்து, ரத்தம் இன்னும் கூடும். அப்படிப்பட்டவர் கையில் ஒரு சிறு கண்ணாடியைக் கொடுத்து, கீழ்வரிசை முன்பற்களின் பின்புறத்தைக் காட்டி, பிரஷ்ஷை அவரையே பிடிக்கச் சொல்லிப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பில்லில் இதற்கென்று ஒரு வரி கிடையாது. ஸ்கேலிங்குக்கு இருக்கிறது.