கல்லும் காற்றும்: தஞ்சைப் பெரிய கோயில் குறித்த டேனியல் அச்சோவியம்

தாமஸ் டேனியலும் அவர்தம் உடன்பிறந்தார் மகன் வில்லியமும் 1792–93ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவில் பயணம் செய்து நிலக்காட்சிகளை வரைந்தனர். 1795–1808 காலப்பகுதியில் இலண்டனில் வெளிவந்த ‘ஓரியண்டல் சீனரி’ தொகுப்பின் 144 அச்சோவியங்களுள் தஞ்சைப் பெரிய கோயிலும் இடம்பெறுகிறது. இவ்வோவியங்கள் பெரும்பாலும் வரலாற்றுச் சான்றுகளாகவோ காலனியப் பார்வையின் வெளிப்பாடுகளாகவோ அணுகப்படுகின்றன. அவற்றின் அச்சு நுட்பமும் ஒரு பார்வையை உருவாக்குகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அக்குவாடின்ட் முறையில் செப்புத் தகட்டின்மேல் பிசின்தூளைப் பரப்பிச் சூடேற்றி ஒட்டச் செய்வர். தூள்மணிகளின் இடைவெளிகளை அமிலம் அரிக்கும்; அரிப்பு நீடிக்க நீடிக்க நிழல் அடர்த்தியாகும். வானுக்கும் சுவருக்கும் மரத்துக்கும் ஒரே மணித்தன்மை அமைவதால், கல்லும் காற்றும் ஒரே பொருளால் ஆனவை போலத் தோன்றுகின்றன. ஓவியத்தின் சூழலுணர்வு இதனால் விளைவதே.

காவிரிப் படுகையை அறிந்தோர்க்கு இத்தோற்றம் அந்நியமன்று. மார்கழி விடியலில் வயல்வெளிக்கு அப்பால் நின்று நோக்குங்கால், விமானம் பனியில் கரைந்த சாம்பல் நிற வடிவமாகவே தெரியும். தொலைவின் உண்மையை அச்சோவியம் செவ்வனே பற்றியுள்ளது.

ஆயினும் அண்மைக்கு வேறோர் உண்மை உண்டு. வண்டல் நிலமாகிய இங்குக் கருங்கல் கிடைப்பதில்லை. வெளியிலிருந்து கொணர்ந்த அக்கல்லில்தான் இம்மண்ணின் நெற்கணக்கு பொறிக்கப்பட்டது. தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர்க்கு ஆண்டுதோறும் தலைக்கு 100 கலம் நெல் வழங்க முதலாம் இராசராசன் ஏற்பாடு செய்ததை அவன் கல்வெட்டு, அவர்தம் பெயர்களுடன் தெரிவிக்கிறது. எழுத்துகளே அக்கல்லின் சொரசொரப்பு. அக்குவாடின்டின் சீரான மணித்தன்மையில் முதலில் மறைவது அதுவே.

1858இல் லின்னேயஸ் டிரைப் கோயில் அடித்தளத்தின் கல்வெட்டுகளை 21 ஒளிப்படங்களாக எடுத்து, ஒன்றாக இணைத்தார். அங்கு எழுத்து மீள்கிறது. வானமும் வயலும் விலகுகின்றன. அவரே பிற படங்களின் எதிர்ப்படிகளில் தூரிகையால் மேகம் தீட்டியதை நோக்க, சூழலுணர்வை ஒளிப்படக் கருவி மட்டுமே தந்துவிடவில்லை என்பது புலனாகும்.

ஆகவே, டேனியல் ஓவியத்தின் மென்மையை வியக்கும் திறனாய்வாளர், அம்மென்மைக்கு விலையாக மறைந்த பெயர்களையும் கருதுதல் வேண்டும். தொலைவில் நின்று கண்ட கோயிலை அருகில் சென்று படிக்கும்போதே இவ்வோவியத்தின் நயமும் குறையும் ஒருங்கே விளங்கும்.