இரண்டாண்டு நல்கையும் வாழ்நாள் நோயும்

இருதுருவ மனநோயை ஆராயும் இளையோருக்கான நல்கைகளைப் பாராட்டுவோர் வழக்கமாக ஒரு கணக்கைக் காட்டுவார்கள்: சிறுதொகை பெற்றவர்கள் பின்னாளில் அரசிடம் பெருந்தொகை வாங்கிவிட்டார்கள், ஆகவே திட்டம் வெற்றி. இந்த வாதம் பிழையானது. அது ஆய்வாளர் வளர்ந்ததைச் சொல்கிறது. நோயைப் பற்றிய அறிவு வளர்ந்ததா என்று சொல்வதில்லை.

நன்மை இல்லாமலில்லை. முனைவர் பட்டம் முடித்தவர் சொந்தக் கேள்வியைக் கையிலெடுக்கும் பருவத்தில்தான் பணம் கிடைப்பது அரிது. அமெரிக்காவின் மூளை மற்றும் நடத்தை ஆய்வு அறக்கட்டளை, மனநோய் ஆய்வில் இறங்கும் இளையோருக்கு இரண்டாண்டுகளுக்கு 70,000 டாலர் வரை தருகிறது. இத்தகைய உதவி இல்லாவிட்டால் பலர் வேறு துறைக்குப் போயிருப்பார்கள்.

என் நெடுநாள் மறுப்பு அந்த ‘இரண்டாண்டு’ பற்றியது. இந்நோய் வாழ்நாள் முழுதும் தொடர்வது. மாறி மாறி வரும் மன எழுச்சிக்கும் மனச்சோர்வுக்கும் நடுவே மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் அமைதி நிலவும். சோர்வோடு முதலில் மருத்துவரிடம் வந்தவருக்கு எழுச்சி தலைகாட்டவே பல ஆண்டுகள் ஆகலாம். இரண்டாண்டு நல்கையிலோ, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்கும் நோயாளிகளைச் சேர்ப்பதற்கும் பாதிக் காலம் போய்விடும். எஞ்சிய காலத்தில் சில பத்துப் பேரின் மூளைப் படம், இரத்தப் பரிசோதனை, வினாத்தாள் மதிப்பெண் ஆகியவற்றைத்தான் திரட்ட முடியும். கட்டுரை வெளிவரும். நோய் திரும்பியதா, வேலை நிலைத்ததா, தற்கொலை தவிர்ந்ததா என்ற கேள்விகளுக்கு அதில் இடமே இருக்காது.

இந்நோய்க்கான மருந்தாகிய லித்தியத்தின் வரலாறே இதற்குச் சான்று. 1949இல் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட், எழுச்சி நிலையிலிருந்த பத்துப் பேருக்கு அதைக் கொடுத்துப் பயன் கண்டார். அது விரைவில் தெரிந்துவிடும் பயன். ஆனால் நோய் திரும்பாமல் தடுக்குமா என்பதுதான் நோயாளிக்கு முக்கியமான கேள்வி. அதற்கு விடை தேடிய டென்மார்க்கின் போல் பாஸ்ட்ரப்பும் மோகன்ஸ் ஷூவும், ஆறு ஆண்டுகளுக்கு மேல் நீண்ட ஆய்வில் 88 பெண்களைக் கவனித்து 1967இல் முடிவை வெளியிட்டார்கள். பிரிட்டனிலிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. 1970இல் இன்னொரு சோதனை நடத்தித்தான் பதில் சொல்ல முடிந்தது. நோயின் போக்கை அறியவும் இதே பொறுமை தேவைப்பட்டது: சூரிச்சில் யூல்ஸ் ஆங்ஸ்ட், 1959 முதல் 1963 வரை மருத்துவமனையில் சேர்ந்தவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். இன்றைய நல்கை ஜான் கேட்டின் வேலைக்குப் போதும். மற்ற மூவருக்கும் மூன்றாம் ஆண்டிலேயே கதவு சாத்தப்பட்டிருக்கும்.

ஏற்கெனவே நடக்கும் நெடுங்கால ஆய்வுகளின் தரவை இளையோர் பயன்படுத்தலாமே என்பார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பிரெக்டர் திட்டம் அப்படிப்பட்டதுதான். ஆனால் பிறர் திரட்டிய தரவில் பிறர் கேட்ட கேள்விகளுக்கே விடை இருக்கும். ஒரு நோயாளியைப் பத்தாண்டுகள் விடாமல் பின்தொடரும் பயிற்சியை அது தராது. இரண்டாம் ஆண்டு முடிவில் கட்டுரை காட்டியாக வேண்டியவர், அதற்குள் முடியும் கேள்வியையே தேர்ந்தெடுப்பார். இருபது ஆண்டுகளில் அதுவே துறையின் பழக்கமாகிவிடுகிறது.

மாற்றம் இயலாததல்ல. 2008இல் தொடங்கிய இந்தியா அலையன்ஸ் என்ற நல்கை அமைப்பு, இளம் ஆய்வாளர்களுக்கு ஐந்தாண்டு நல்கை அளித்து வந்திருக்கிறது. இருதுருவ நோய்க்கு அதுகூடப் போதாது. நோயாளிகள் ஆய்வில் தொடரும்வரை நல்கை புதுப்பிக்கப்பட வேண்டும். நன்கொடை தருவோரில் நோயாளிகளின் குடும்பத்தினரும் இருக்கிறார்கள். அவர்கள் அறக்கட்டளைகளிடம் இதைக் கேட்டு வாங்க வேண்டும்: பணம் போதவில்லையென்றால் நல்கைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், ஆண்டுகளைக் குறைக்காதீர்கள்.