அலையும் சேறும்

ஷுசாகு எண்டோவின் ‘மௌனம்’ (1966) நாவலை அதன் நிலத்துக்காகவே மறுபடி மறுபடி வாசிக்கிறேன். கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்ட 17ஆம் நூற்றாண்டு ஜப்பான், நாகசாகிப் பக்கத்துக் கடலோரம். போர்த்துகீசியப் பாதிரியார் ரொட்ரிகஸ் மலைமேல் கரி சுடுபவர்களின் குடிசையில் ஒளிந்திருக்கிறார். விசுவாசத்தை விடாத ஏழை விவசாயிகளைக் கடலுக்குள் நட்ட மரங்களில் கட்டிவிடுகிறார்கள். வாள் வேண்டியதில்லை, ஏறி இறங்கும் அலையே மெல்ல மெல்லக் கொல்கிறது. மழை, சில்வண்டு, சேறு எதுவும் இங்கே வெறும் பின்னணி இல்லை. இந்த நாடு சதுப்பு நிலம், நட்ட கன்று வேரழுகிவிடும் என்று ரொட்ரிகஸின் முன்னாள் ஆசானும் மதத்தைத் துறந்தவருமான ஃபெரெய்ரா வாதிடும்போது, அந்த மண்ணே பாதிரியாரோடு வழக்காடுகிறது. தானே ஜப்பானியக் கத்தோலிக்கரான எண்டோவால்தான் அந்த வழக்கை இவ்வளவு நேர்மையாக எழுத முடிந்தது.