கோடு கிழிக்காத மலை

1

‘இது வெள்ளைக்காரன் போட்ட சட்டம்’ என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் விவாதிக்க ஒன்றுமில்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தேசியவாதிகள் மட்டுமல்ல, அதிகாரத்தைக் கேள்வி கேட்கிற நாமும்தான். வடகிழக்கில் நடைமுறையில் உள்ள ‘இன்னர் லைன்’ என்கிற உள்கோடு பற்றிப் பேச்சு வந்தால், ‘சொந்த நாட்டுக்குள்ள போறதுக்கே பாஸ் வாங்கணுமா?’ என்று உடனே ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வியாகத்தான் தெரியும். ஆனால் கேட்பவர் எங்கே நின்று கேட்கிறார்? சமவெளியில் நின்று. மலையில் நிற்பவருக்கு அது வேறு மாதிரி கேட்கும்: ‘என் நிலத்தை யார் வேணும்னாலும் வந்து எழுதி வாங்கிக்கலாமா?’

இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் வைத்துப் பார்க்க நம் பக்கத்திலேயே ஒரு மலை இருக்கிறது. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழுகிற கல்வராயன். அங்கே உள்கோடு இல்லை. அனுமதிச் சீட்டு இல்லை. பழங்குடி நிலத்தை வெளியாள் வாங்குவதைத் தடுக்கிற தனிச் சட்டமும் இல்லை. காலனிய அரசு அந்த மலையைச் சுற்றி எந்தக் கோடும் கிழிக்கவில்லை. சரி, அப்படியானால் அங்கே வாழ்கிற மலையாளிப் பழங்குடியினர் மற்றவர்களைவிடச் சுதந்திரமாக இருந்தார்களா? கோடு இல்லாததற்கு அவர்கள் கொடுத்த விலை என்ன? இக்கட்டுரை கேட்பது இதைத்தான்.

2

காலனிய அரசு மனிதர்களின் நடமாட்டத்தின்மீது போட்ட சட்டங்களை ஒரே கணக்கில் எழுதுவது தவறு. 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. இரண்டே ஆண்டில், 1873இல், வங்காளக் கிழக்கு எல்லை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. இரண்டுமே ‘நீ இங்கே போகலாம், அங்கே போகக் கூடாது’ என்று சொல்கிற சட்டங்கள். ஆனால் இரண்டின் கதவும் ஒரே பக்கம் திறக்கவில்லை.

முதல் சட்டம் உள்ளே இருப்பவரை வெளியே விடாமல் பூட்டியது. 1911 சட்டத்துக்குப் பிறகு அது சென்னை மாகாணத்திலும் அமலானது. பெயரைப் பதிவு செய், கைரேகை வை, ராத்திரியில் ஆஜர் கொடு, வெளியூர் போக அனுமதிச் சீட்டு வாங்கு. நம் ஜனங்கள் அதைக் ‘கைரேகைச் சட்டம்’ என்றே சொன்னார்கள். அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கி வெடித்தது. இந்தக் கதை மதுரைப் பக்கத்தோடு முடிந்ததாக எண்ண வேண்டாம். கல்வராயன் மலை பார்த்துக்கொண்டிருக்கிற அதே தென்னார்க்காட்டுச் சமவெளியில் வேப்பூர் பறையர்கள் குற்றப் பரம்பரையாக அறிவிக்கப்பட்டார்கள். அதே மாவட்டத்தில் அஜீஸ் நகர் என்கிற அடைப்புக் குடியிருப்பும் இருந்தது.

இரண்டாவது சட்டம் வெளியே இருப்பவரை உள்ளே விடாமல் தடுத்தது. கோட்டைத் தாண்ட அனுமதி வேண்டும். கோட்டுக்கு அப்பால் அந்த மாவட்டத்தைச் சேராதவர் நிலத்தில் உரிமை பெற முடியாது. இதை மலைமக்கள் மீதான அன்பினால் செய்ததாக யாரும் சொல்லவில்லை. தேயிலைத் தோட்டக்காரர்களும் ரப்பர், தந்த வியாபாரிகளும் மலைக்குள் நுழைந்தபோது மோதல் வந்தது. மோதலுக்குப் படை அனுப்பச் செலவானது. செலவைக் குறைக்கக் கோடு கிழித்தார்கள். அவ்வளவுதான் அதன் பிறப்பு.

ஆனால் பிறப்பை வைத்து ஒரு சட்டத்தின் வாழ்க்கை முழுவதையும் தீர்மானித்துவிட முடியாது. (பிறப்பை வைத்து மனிதரைத் தீர்மானிக்கிற நாட்டில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.) செலவு மிச்சம் பிடிக்கப் போட்ட அந்தக் கோட்டை இன்று நாகாலாந்திலும் மிசோரமிலும் அருணாசலத்திலும் மக்கள் தம் கேடயமாகப் பிடித்திருக்கிறார்கள்.

3

சென்னை மாகாணத்திலும் இப்படிப்பட்ட கோடுகள் இருந்தன என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. அவை வடக்கே கஞ்சம், விசாகப்பட்டினம், கோதாவரி மலைகளில் இருந்தன. ஏன் அங்கே? 1830களில் கும்சூரில் கலகம் வெடித்தது. 1839இல் கஞ்சம், விசாகப்பட்டினம் மலைப்பகுதிகள் வழக்கமான சட்டத்திலிருந்து விலக்கப்பட்டு, கலெக்டரே அரசின் ‘ஏஜெண்ட்’ ஆக்கப்பட்டார். 1874இல் பட்டியல் மாவட்டங்கள் சட்டம். 1879இல் ராம்பா கிளர்ச்சி. கள்வரியும், சமவெளி வியாபாரிகள் கோர்ட்டில் டிக்ரி வாங்கிக்கொண்டு வந்து மலைக்காரர் சொத்தை எடுத்ததும் அதற்குக் காரணங்கள். 1917இல் ஏஜென்சிப் பகுதி நிலமாற்றச் சட்டம் வந்தது. மலைப் பழங்குடியின் நிலம் அரசுப் பிரதிநிதியின் சம்மதமில்லாமல் மற்றவர் கைக்குப் போனால் செல்லாது என்றது. வட்டிக்கும் உச்சவரம்பு வைத்தது.

இந்த வரிசையைக் கவனியுங்கள். கலகம், பிறகு சட்டம். மறுபடி கலகம், மறுபடி சட்டம். அரசு பாதுகாப்புத் தந்தது இரக்கத்தினால் அல்ல, பயத்தினால். எங்கே மலை ஆயுதம் எடுத்ததோ அங்கே கோடு விழுந்தது.

தமிழ் பேசும் மாவட்டங்களின் மலைகள் இந்தப் பட்டியலில் ஏறவே இல்லை. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்கீழ் ‘விலக்கப்பட்ட’, ‘பகுதி விலக்கப்பட்ட’ பகுதிகளை வகுத்தபோது சென்னை மாகாணத்தில் இடம்பெற்றவை லட்சத்தீவுக் கூட்டமும் கிழக்குக் கோதாவரி, விசாகப்பட்டின ஏஜென்சிகளும்தான். 1950இல் அரசியல் சாசனத்தின் ஐந்தாவது அட்டவணைக்குப் பகுதிகளை அறிவிக்கிறபோது பழைய பட்டியலே அடித்தளமானது. 1953இல் ஆந்திரா பிரிந்தது. கோடுகளும் அதோடு போய்விட்டன. மிச்சமிருந்த தமிழகத்துக்கு ஒரு பட்டியல் பகுதிகூட இல்லை. இன்றும் இல்லை. பழங்குடியினர் ஆலோசனைக் குழு இருக்கிறது, ஆலோசனைக்குரிய பட்டியல் பகுதிதான் கிடையாது!

ஆந்திரத்தில் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியில் 1959இல் ஒரு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதை வைத்துத்தான் 1997இல் சமதா வழக்கில் உச்சநீதிமன்றம், பட்டியல் பகுதியில் அரசேகூடத் தன் நிலத்தைத் தனியார் சுரங்கக் கம்பெனிக்குக் குத்தகை விட முடியாது என்றது. காலனியம் பயந்து போட்ட கோடு எண்பது வருஷம் கழித்துச் சுரங்க முதலாளியை நிறுத்தியது. தமிழகத்தில் இதற்கு இணையாக நம்மிடம் இருப்பது வருவாய் வாரிய நிலை ஆணை 15-40. மலையாளி, சோளகர் போன்றோருக்கு ஒப்படை செய்த மலைநிலத்தை மற்றவர் பெயருக்கு மாற்ற அதிகாரியின் அனுமதி வேண்டும் என்கிறது. சட்டமன்றம் இயற்றிய சட்டமல்ல அது, நிர்வாக ஆணை. அதுவும் கையில் பட்டா இருந்தால்தானே பேசும்?

4

கல்வராயனில் பட்டா ஏது? கோடு இல்லாத அந்த மலையில் இருந்தது ஜாகீர். சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகீர்கள். கிருஷ்ணதேவராயர் கொடுத்தது என்று மரபு சொல்கிறது. கம்பெனி அதில் கைவைக்கவில்லை. மகாராணியின் அரசும் கைவைக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால் சுதந்திர இந்தியாவும் வெகுகாலம் கைவைக்கவில்லை. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜாகீர் அரசின் கைக்கு வந்தது 1976இல். நடுவில் 28 ஆண்டுகள்.

ஆதிக்கத்திலிருந்து தப்பி ஓடியவர்களின் புகலிடமே மலை என்று ஜேம்ஸ் ஸ்காட் தென்கிழக்கு ஆசிய மலைகளை வைத்து எழுதினார். நம் ஆட்களில் சிலருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. மலையாளிகளின் தோற்றக் கதையும் அதற்குத் தோதாக இருக்கிறது: காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பி மூவர், தம் சாமியோடு மலையேறினார்கள் என்பது கதை. ஆனால் தப்பி ஏறிய மலையின் உச்சியிலேயே ஒரு குட்டி அரசு உட்கார்ந்திருந்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இந்த இடத்தில் நமக்கு அதிகம் உதவுகிறவர் மஹ்மூத் மம்தானி. ஆப்பிரிக்காவை வைத்து அவர் சொன்னது இது: காலனியம் நகரத்தில் குடிமகனை உருவாக்கியது, கிராமத்தில் ‘வழக்காறு’ என்ற பெயரில் தலைவனிடம் ஒப்படைக்கப்பட்ட பிரஜையை உருவாக்கியது. சட்டம், வரி, தண்டனை எல்லாம் ஒரே கைமுஷ்டிக்குள். கல்வராயன் ஜாகீரும் அந்த ரகம்தான். அரசு இல்லாத இடம் என்று அதைச் சொல்வது பிழை. அரசு தன் வேலையைக் குத்தகைக்கு விட்ட இடம் என்பதே சரி.

ஆக, சென்னை மாகாணத்தின் மலைகளில் காலனிய அரசுக்கு இரண்டு வழிமுறைகள் இருந்தன. எதிர்த்த மலைக்குக் கோடு. அடங்கிய மலைக்கு ஜாகீர். முதலாவது ஆவணங்களை விட்டுச் சென்றது. அந்த ஆவணங்களைப் பிடித்துக்கொண்டு பேரப்பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போனார்கள். இரண்டாவது எதையும் விட்டுச் செல்லவில்லை. கல்வராயன் மக்களுக்கு வாக்குரிமையே 1996இல்தான் கிடைத்தது என்று 2024இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் சொல்லப்பட்டபோது பலர் அதிர்ச்சி அடைந்தார்கள். அதே 1996இல்தான் பட்டியல் பகுதிகளில் கிராம சபைக்கு நிலம், சிறுவனப் பொருள்கள் மீது அதிகாரம் தரும் ‘பெசா’ சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தமிழகத்தில் பட்டியல் பகுதி இல்லாததால் அது இங்கே செல்லாது.

5

1976இல் ஜாகீர் போனது. வந்தது யார்? நிலத்தை உழுபவனுக்கு எழுதித் தருகிற அரசு முழுசாக வரவில்லை. முந்திக்கொண்டு வந்தது 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டம். அதுவும் காலனியச் சட்டம்தான், ஆனால் அதைப் பற்றி ‘வெள்ளைக்காரன் சட்டம்’ என்று யாரும் முகம் சுளிப்பதில்லை. ஒதுக்குக் காடு என்று அறிவித்த மறுகணம் அங்கே விறகெடுப்பதும் மாடு மேய்ப்பதும் குற்றம். உள்கோட்டில் வெளியாள் அனுமதி கேட்க வேண்டும். ஒதுக்குக் காட்டிலோ உள்ளூர்க்காரர் அனுமதி கேட்க வேண்டும். கோடே இல்லாத மலை என்றேனே, அதைத் திருத்திச் சொல்ல வேண்டும்: மலையாளிகளைக் காக்கிற கோடுதான் இல்லை. அவர்களைத் தடுக்கிற கோடு தாராளமாக இருக்கிறது.

அந்தக் கோட்டில் நிற்கிறவர் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்பதற்குக் கல்வராயனை ஒட்டிய சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி சாட்சி. மலையாளிப் பழங்குடியினரின் ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாக வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் அப்போது உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011இல் தீர்ப்பானது. அதை 2023இல் உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது. தீர்ப்புக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல்.

மலையில் பிழைக்க வழியில்லாமல் எல்லை தாண்டிப் போனால்? 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லி 20 தமிழகத் தொழிலாளர்களை ஆந்திர அதிரடிப்படை சுட்டுக் கொன்றது. ஜவ்வாது, சித்தேரி மலைகளின் பழங்குடியினர் அவர்களில் இருந்தார்கள்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது எல்லார் விரலும் மலையை நோக்கி நீண்டது. ஆட்களைக் கொன்றது மெத்தனால். தொழிற்சாலைச் சரக்கு. எந்த மலை ஊறலிலும் அது பொங்குவதில்லை. ஆனாலும் ‘மலை என்றால் சாராயம்’ என்கிற சொல்லாடல் சமவெளியின் குற்றத்தை மலையேற்றிவிட்டது. 1952இல் குற்றப் பரம்பரைச் சட்டம் நாடு முழுக்க ஒழிந்தது. அதன் பார்வை ஒழிந்ததா?

6

‘அப்படின்னா கல்வராயனுக்கும் பாஸ் போடச் சொல்றீங்களா?’ என்று கேட்கலாம். இல்லை. 1943இல் குரியே, பழங்குடியினர் பின்தங்கிய இந்துக்களே, கலந்துவிட்டால் சரியாகிவிடும் என்றார். வெரியர் எல்வின் அவர்களை ஒதுக்கிக் காக்கச் சொன்னார். இருவரும் மலையைப் பற்றித் தமக்குள் பேசிக்கொண்டார்கள். கதவைத் திறப்பதா, மூடுவதா என்பதே அவர்கள் சண்டை. சாவி யார் கையில் என்பது பேச்சில் வரவில்லை.

சாவியைப் பற்றிக் கேட்காவிட்டால் உள்கோடும் ஆபத்துதான். மணிப்பூரில் 2015இல் உள்கோட்டுக் கோரிக்கையை ஒட்டி மூன்று மசோதாக்கள் நிறைவேறியபோது, தங்கள் நிலத்தைப் பறிக்கவே அவை என்று மலைப் பழங்குடியினர் எழுந்தார்கள். சுராசந்த்பூரில் ஒன்பது பேர் மாண்டார்கள். பெரும்பான்மை கையில் சாவி போனால் கேடயம் கத்தியாகிறது. கல்வராயனுக்கும் இது பொருந்தும். நாளைக்கு ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்து, அதன் சாவி பழைய ஜாகீர் குடும்பங்களிடமோ ஆண்கள் மட்டும் உட்காருகிற ஊர்ப் பஞ்சாயத்திடமோ போனால், மலையாளிப் பெண்ணுக்கு என்ன மிஞ்சும்?

வழி முழுக்க அடைபட்டுவிடவில்லை. 2006 வன உரிமைச் சட்டம் தமிழகத்தில் கோர்ட் இடைக்கால உத்தரவால் பல வருஷம் முடங்கிக் கிடந்தது. அந்தச் சட்டம் உரிமைப் பத்திரத்தைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதச் சொல்கிறது. விண்ணப்பத்தைக் கிராம சபையில் தொடங்கச் சொல்கிறது. ஐந்தாவது அட்டவணையில் புதுப் பகுதியைச் சேர்க்கக் குடியரசுத் தலைவரின் ஆணை போதும். வெள்ளிமலையில் இப்போது தாலுகா அலுவலகம் இருக்கிறது. ஆக, நாம் கேட்க வேண்டியது மூன்று: கல்வராயன் உள்ளிட்ட தமிழக மலைகளைப் பட்டியல் பகுதிகளாக அறிவிப்பது, பழங்குடி நில மாற்றத்தைத் தடுக்க நிர்வாக ஆணைக்குப் பதில் சட்டம், இரண்டிலும் பெண்கள் உட்காருகிற கிராம சபையின் கையில் முடிவு.

பயந்த அரசு கலகம் செய்த மலைக்குப் பாதுகாப்பு தந்தது. ஓட்டு வாங்குகிற அரசு, கலகம் செய்யாத மலைக்கு அதைத் தருமா? பதிலுக்காக இன்னொரு மலை ஆயுதம் எடுக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டுமா, தோழர்களே?