நெருங்க மறுக்கும் காமிரா: கியாரோஸ்தமியின் சட்டகங்கள்

திரைப்படங்களைப் பற்றிப் பேசுகையில் நாம் பெரும்பாலும் கதை, நடிப்பு, வசனம் என்பவற்றோடு நின்றுவிடுகிறோம். காமிரா எங்கே நிற்கிறது, எவ்வளவு தொலைவில் நிற்கிறது, சட்டகத்துக்குள் எதை வைத்து எதை வெளியே விடுகிறது என்னும் வினாக்களைத் தொழில்நுட்பர்களுக்கு உரியவையெனக் கருதி ஒதுக்கிவிடுகிறோம். ஆயினும், ஒரு மனிதரை எவ்வாறு பார்ப்பது என்னும் அறம் சார்ந்த தீர்மானம் அங்கேதான் எடுக்கப்படுகிறது. ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமியின் (1940–2016) படங்கள் இதனை நமக்குத் தெளிவாக உணர்த்துகின்றன.

காட்சிகளைத் தொலைவின் அடிப்படையில் மூன்றாகப் பகுப்பது வழக்கம். முகம் திரையை நிறைப்பது க்ளோசப் எனப்படும் அண்மைக் காட்சி. இடுப்பளவில் ஆளைக் காட்டுவது இடைநிலைக் காட்சி. ஆளை அவர் வாழும் வெளியோடு சேர்த்துக் காட்டுவது லாங் ஷாட் எனப்படும் சேய்மைக் காட்சி. வணிகப் படங்களில் சேய்மைக் காட்சி இடத்தை அறிமுகப்படுத்திவிட்டு விலகிக்கொள்ளும். உணர்ச்சி உயர உயரக் காமிரா நெருங்கும். இறுதியில் ஒரு துளிக் கண்ணீர் திரை முழுவதையும் நிறைக்கும். கியாரோஸ்தமி இவ்வழக்கத்தைத் தலைகீழாக்குகிறார். உணர்ச்சி உச்சத்தை எட்டும் வேளையில் அவருடைய காமிரா பின்வாங்குகிறது.

‘ஆலிவ் மரங்களின் ஊடாக’ (1994) படத்தின் இறுதிக் காட்சியை எடுத்துக்கொள்வோம். 1990ஆம் ஆண்டு வடக்கு ஈரானில் பல்லாயிரம் உயிர்களைப் பலிகொண்ட நிலநடுக்கத்துக்குப் பிந்தைய கிராமம் அது. சொந்த வீடில்லாத கொத்தனார் ஹுசைன், பெற்றோரை இழந்த தாஹிராவை மணக்க விரும்புகிறான். படம் நெடுகிலும் அவள் அவனுக்கு மறுமொழி கூறுவதில்லை. இறுதியில் தோப்பைக் கடந்து பச்சை வயல்வெளியில் நடந்துசெல்லும் அவளை அவன் பின்தொடர்கிறான். குன்றின் மேலிருந்து பார்க்கும் காமிரா அசைவதில்லை. இருவரும் இரு வெண்புள்ளிகளாகச் சுருங்குகின்றனர். பின்னர் ஒரு புள்ளி திரும்பி ஓடிவருகிறது. அவள் என்ன சொன்னாள்? நமக்குக் கேட்பதில்லை. வேறோர் இயக்குநர் அவளது முகத்துக்குத் தாவியிருப்பார். இங்கோ அவளது விடை அவளுக்கே உரியதாக விடப்படுகிறது. அத்தொலைவைப் புறக்கணிப்பு என்று கொள்வதற்கில்லை, அது மரியாதை.

அப்படியானால் அண்மைக் காட்சி அறத்துக்குப் புறம்பானதா? அவ்வாறு முடிவுகட்ட இயலாது. ‘க்ளோசப்’ (1990) என்றே பெயரிடப்பட்ட அவரது படம் நம்மைத் தடுக்கிறது. ஹுசைன் சப்சியான் என்னும் ஏழை, தன்னை இயக்குநர் முஹ்சின் மக்மல்பாஃப் எனக் கூறி ஒரு குடும்பத்தை நம்பவைத்துக் கைதான உண்மை நிகழ்வே அதன் பொருள். நீதிமன்றத்தில் கியாரோஸ்தமி அவரிடம் இரு காமிராக்களையும் விளக்குகிறார்: ஒன்று மன்றம் முழுவதையும் பதிவுசெய்யும், மற்றொன்று அண்மைக் காட்சிக்கானது, சொல்ல விரும்புவதை அதனிடம் சொல்லலாம். எவரும் செவிகொடாத மனிதருக்கு இங்கே அண்மைக் காட்சி ஒரு செவியாகிறது. அவருக்கு அறிவித்த பின்னரே காமிரா நெருங்குகிறது என்பது நாம் கவனிக்க வேண்டியது. அதே படத்தின் முடிவில், விடுதலையான சப்சியான் உண்மையான மக்மல்பாஃபைக் கண்டு அழும்போது, காமிரா வண்டிக்குள்ளிருந்து தொலைவாகவே பார்க்கிறது. ஒலியும் விட்டுவிட்டே வருகிறது.

இத்தொலைவுக்கும் ஒரு விலையுண்டு என்பதை நாம் மறைத்தலாகாது. நிலநடுக்கப் பகுதியினூடே ஒரு தந்தையும் மகனும் மேற்கொள்ளும் பயணத்தைக் கூறும் ‘வாழ்க்கை தொடர்கிறது’ (1992) படத்தில், தெஹ்ரானிலிருந்து வந்தவரின் காரின் கண்ணாடி வழியாகப் பெரும்பாலும் இடிபாடுகளைக் காண்கிறோம். பசுங்குன்றுகள் அழகாயிருக்கின்றன. பிறர் துயரம் அங்கே இயற்கைக் காட்சியாகிவிடவில்லையா என்று ஒருவர் வினவினால் அவ்வினாவை எளிதில் தள்ளிவிட முடியாது.

‘காற்று நம்மைச் சுமந்து செல்லும்’ (1999) இதற்கு அவர் அளித்த விடையெனக் கொள்ளலாம். குர்திஸ்தான் கிராமமொன்றில் ஒரு மூதாட்டியின் மரணத்தையும் அதன் சடங்கையும் படம்பிடிக்கக் காத்திருக்கிறான் நகரத்து மனிதன். அம்மூதாட்டியை நாம் கடைசிவரை காண்பதில்லை. இருண்ட நிலவறையில் பால் கறக்கும் பெண்ணிடம், முகத்தைப் பார்க்க விளக்கை உயர்த்துமாறு அவன் கேட்கிறான். அவள் உயர்த்துவதில்லை. காமிராவும் அவளுக்கே கட்டுப்படுகிறது. பார்க்கத் துடிக்கும் தன் தொழிலையே கியாரோஸ்தமி இங்கே குற்றக்கூண்டில் நிறுத்துகிறார்.

காஸாவின் இடிபாடுகளிலிருந்து வந்த குழந்தைகளின் முகங்களை நாம் கைபேசியில் கண்டு, விரலால் தள்ளிவிட்டுக் கடந்திருக்கிறோம். உலகம் மறுக்கும் உண்மைக்கு அம்முகங்களே சாட்சி. அங்கே நெருங்காதிருப்பதுதான் அநீதி. ஆகவே தொலைவே அறம், நெருக்கமே பாவம் என விதியெழுத நாம் முனையவில்லை. காட்டப்படும் மனிதரின் மானம் காக்கப்பட்டதா, அவரது குரலுக்கு அங்கே இடமிருந்ததா என்னும் இரு வினாக்களை ஒவ்வொரு சட்டகத்தின் முன்பும் எழுப்பக் கற்றுக்கொள்வோம். விளக்கை உயர்த்த மறுத்த அப்பெண் நமக்கு விட்டுச்சென்ற பாடம் அதுவே.