மெலிந்த காற்றில் ஒரு தட்டாம்பூச்சி

ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளி விமான ஓடுதளத்தின் பக்கம் போகும்போதெல்லாம் எனக்குச் செவ்வாய்க் கோளில் பறந்த ‘இன்ஜெனுயிட்டி’ ஹெலிகாப்டர் நினைவுக்கு வரும். இங்கே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கொஞ்சம் குறைந்தாலே விமானி கணக்குப் போட வேண்டும். செவ்வாயிலோ பூமியின் காற்றில் நூற்றில் ஒரு பங்குதான்!

அங்கே பறந்தது வெறும் 1.8 கிலோ. சென்னை ஐஐடியில் படித்த பாப் பலராம்தான் தலைமைப் பொறியாளர். மேலும் கீழுமாக இரண்டு சுழலிகள், 1.2 மீட்டர் அகலம், எதிரெதிர்த் திசையில் நிமிடத்துக்குச் சுமார் 2,500 சுற்று. வேகத்தை இஷ்டத்துக்குக் கூட்டவும் முடியாது. செவ்வாயில் ஒலியின் வேகம் குறைவு, இறக்கை நுனி அதை நெருங்கக் கூடாது. இந்த இடுக்குக்குள் வழி கண்ட கார்பன் இழை இறக்கைகள் எனக்கு ஒரு சிற்பியின் வேலையாகவே தெரிகின்றன.

சமிக்ஞை போய்ச்சேரப் பல நிமிடங்கள் ஆகும் என்பதால் தானே தரையைப் படம்பிடித்து, கல்லையும் மேட்டையும் அடையாளம் வைத்துப் பறந்தது. முதல் பறப்பு 2021 ஏப்ரல் 19 அன்று, 39 விநாடி. ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பினார்கள். 72 முறை பறந்தது.

2024 ஜனவரியில், அடையாளமே இல்லாத மணல் அலைகளின் மேல் வழி தெரியாமல் தடுமாறி, இறங்கும்போது இறக்கை ஒடிந்தது.